சிவந்தி கட்டிய பதினெட்டு மூட்டைகள்

காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி. ஏரிக்கரை வயலில் ஓர் எலிக் குடும்பம் இருந்தது. அப்பா எலி கோரையன், அம்மா எலி சிவந்தி, நான்கு குட்டிகள். கடைக்குட்டியின் பெயர் சுண்டு.

அந்த வருஷம் அவர்களுக்கு நல்ல வருஷம். அடைமழையிலும் வளைக்குள் தண்ணீர் வரவில்லை. சாரைப்பாம்பு பக்கத்து வயலோடு திரும்பிப் போய்விட்டது. களத்தில் சிந்திய நெல் வளை நிறையக் கிடந்தது.

"ஆறு பேரும் முழுசா இருக்கோம், சிவந்தி! இதைவிட வேறென்ன வேணும்? இந்தச் சந்தோஷத்துக்குப் பிள்ளைங்களை எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போகணும்!" என்றான் கோரையன்.

எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஏரியில் ஓடப்பன் என்ற ஆமை படகு விட்டுக்கொண்டிருந்தார். படகு என்றால், பாதியாக வெட்டிக் காயவைத்த பெரிய சுரைக்குடுக்கை. அதைக் கொடியால் தன் ஓட்டோடு கட்டி இழுத்துக்கொண்டு போய், ஏரிக்குள் இருக்கும் ஐந்து திட்டுகளையும் சுற்றிக் காட்டுவார். முதல் திட்டுக்கே இரண்டு நாள் ஆகும். ஆமை இழுக்கும் படகு அல்லவா!

"ஆளுக்கு ஒரு மூட்டை. அதுக்கு மேல வேண்டாம்!" என்று ஓடப்பன் முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

சிவந்தி தலையை ஆட்டிவிட்டு மூட்டை கட்ட உட்கார்ந்தாள். அங்கேதான் வந்தது வினை. சிவந்திக்குப் பிடித்த வார்த்தை ஒன்று உண்டு. அது 'ஒருவேளை'.

"ஒருவேளை மழை வந்தா?" என்று ஆறு இலைக்குடைகளைக் கட்டினாள்.

"ஒருவேளை குளிர் அடிச்சா?" என்று இலவம்பஞ்சு முழுவதையும் அமுக்கிக் கட்டினாள்.

"ஒருவேளை பிள்ளைங்களுக்கு வயிறு வலிச்சா?" என்று சுக்கும் ஓமமும் கட்டினாள்.

நெல்லுக்கு நாலு மூட்டை, கேழ்வரகுக்கு ரெண்டு, கடலைக்கு ரெண்டு. கட்டுச்சோறு இல்லாத பயணம் உண்டா? புளிச்சோற்றை உருண்டை உருண்டையாக உருட்டி, வாழை இலையில் ஒரு பெரிய மூட்டை கட்டினாள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் பதினெட்டு மூட்டை!

"ஏழு நாளுக்குப் போறோமா, இல்லை வளையையே காலி பண்றோமா?" என்று கேட்டான் கோரையன்.

"வழியில ஏதாவது வேணும்னா என்னைத்தானே கேப்பீங்க? உங்களுக்கென்ன, பேசாம நடங்க!"

கோரையன் பேசாமல் நடந்தான். படகுத்துறைக்குப் போகும் வரை அவன் மனத்தில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. "எதையோ மறந்துட்ட மாதிரி இருக்கே, சிவந்தி!" என்றான்.

"பதினெட்டு மூட்டையில இல்லாதது இந்த உலகத்துலயே இல்லை!" என்றாள் அவள்.

மூட்டைகளைப் பார்த்ததும் ஓடப்பன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்புறம் மெல்ல வெளியே நீட்டினார். "அம்மா, இது படகு! பரண் இல்லை!" என்றார்.

"எல்லாம் லேசான மூட்டைதாங்க!" என்று சொல்லிக்கொண்டே சிவந்தி ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள். நடுவில் இருந்த ஓர் இடத்தையும் அடைத்தாள்.

அந்த இடம் வேறு ஒருவனுடையது. மழையாண்டி என்ற தவளை, முதல் திட்டில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்கப் போகக் காலையிலேயே வந்து காத்திருந்தான். அவன் கையில் ஒன்றும் இல்லை.

"அக்கா, என் இடம்..." என்றான்.

"தவளைக்கு எதுக்குத் தம்பி படகு? நீதான் நல்லா நீந்துவியே!"

"நீந்துவேன்க்கா. நடு ஏரியில ஒரு விரால் மீன் இருக்கு. என் அண்ணன் ரெண்டு பேரை அது முழுங்கிடுச்சு. அந்தப் பயத்துலதான் படகுக்கு வந்தேன்."

சிவந்தி மூட்டைகளைப் பார்த்தாள். தவளையைப் பார்த்தாள். மறுபடியும் மூட்டைகளைப் பார்த்தாள். "அப்படின்னா வெளிப்பக்கமா விளிம்பைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வா. காலை மடக்கிக்கோ. ஒண்ணும் ஆகாது!" என்றாள்.

மழையாண்டி தண்ணீரில் இறங்கினான். விளிம்பைப் பிடித்துக்கொண்டான். காலை மடக்கிக்கொண்டான். ஓடப்பனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் தவளையே சும்மா இருக்கும்போது நாம் ஏன் வாயைக் கொடுப்பது என்று கிளம்பிவிட்டார். அது அவர் செய்த தப்பு.

முதல் நாள் இனிமையாகப் போயிற்று. குட்டிகள் அல்லியைப் பார்த்தார்கள், முக்குளிப்பான் பறவையைப் பார்த்தார்கள், புளிச்சோறு தின்றார்கள். "நம்ம பிள்ளைங்க முகத்தைப் பாரு! கும்பிட்டுக்கலாம் போல இருக்கு!" என்றான் கோரையன். சிவந்தி உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டாள்.

இரண்டாம் நாள் காலையில் குட்டிகளுக்குப் பல் தினவெடுத்தது.

எலிகளுக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் வாய் சொன்னபடி கேட்கும். வீட்டு வாசலில் ஒரு வேலமரத்து வேர் இருந்தது. உள்ளே போகும்போது நாலு கடி, வெளியே வரும்போது நாலு கடி. மூச்சு விடுவதைப் போல அது பழகிப்போயிருந்தது. அதனால் அது யார் நினைவுக்கும் வரவில்லை. பதினெட்டு மூட்டையில் வயிற்றுக்கு எல்லாம் இருந்தது. பல்லுக்கு ஒரு குச்சி இல்லை!

மூட்டைகளுக்கு நடுவே வளை போல ஒரு சந்து இருந்தது. முதல் குட்டி அதற்குள் போனான். அடியில் காய்ந்த சுரைக்குடுக்கை மொறுமொறுவென்று இருந்தது. நாலு கடி கடித்துவிட்டு வந்தான். பிறகு இரண்டாவது குட்டி போனாள். பிறகு மூன்றாவது. பிறகு சுண்டு. மூட்டைகள் மறைத்துக்கொண்டதால் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

உச்சி வெயில் நேரம். "அம்மா, என் வால் நனையுது!" என்றான் சுண்டு.

சிவந்தி மூட்டையை விலக்கினாள். கோலிக்குண்டு அளவுக்கு ஓட்டை! தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி வந்தது.

"யார் கடிச்சது?" என்று கத்தினாள்.

"நான் கொஞ்சம்தான் கடிச்சேன்!"

"நானும் கொஞ்சம்தான்!"

"நானும்!"

சிவந்தி குனிந்து பார்த்தாள். குட்டிப் பற்களின் தடத்துக்கு நடுவே ஒரு பெரிய பல்லின் தடமும் இருந்தது. காலையில் சோற்று மூட்டையை எடுக்க அவளும் அந்தச் சந்துக்குள் போயிருந்தாள். போன இடத்தில் பழக்கதோஷத்தில் என்ன செய்தோம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நானும்தான்," என்றாள் மெல்ல.

ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. குடுக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முதல் திட்டின் கரை கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் தூரத்தில் தெரிந்தது. குட்டிகளால் அவ்வளவு தூரம் நீந்த முடியாது. தண்ணீருக்கு அடியில் ஒரு கறுப்பு முதுகு மெதுவாகப் புரண்டது. விரால்!

"ஓடப்பா! என் பிள்ளைங்களை உங்க முதுகுல ஏத்திக்கோங்க!" என்று கதறினாள் சிவந்தி.

ஓடப்பன் திரும்பிப் பார்த்தார். "என் முதுகு பாசி பிடிச்ச முதுகும்மா, வழுக்கும். கழுத்துக்குப் பின்னால ரெண்டு குட்டிக்குத்தான் இடம். எந்த ரெண்டுன்னு சீக்கிரம் சொல்லு!"

எந்த ரெண்டு?

சிவந்தி நான்கு முகங்களையும் பார்த்தாள். பதினெட்டு மூட்டை கட்டியவளால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கோரையன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அப்போது விளிம்புக்கு மேலே இரண்டு முட்டைக் கண்கள் தெரிந்தன.

"யாரையும் பிரிக்க வேண்டாம்க்கா! கொஞ்சம் நகருங்க!" என்றான் மழையாண்டி.

ஒரே தாவலில் உள்ளே குதித்தான். ஓட்டையின் மேல் உட்கார்ந்தான். பின்னங்கால்கள் இரண்டும் ஓட்டை வழியே தண்ணீருக்குள் போய்விட்டன. மூச்சை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். அவன் வயிறு பூசணிக்காய் போல உப்பி ஓட்டையை இறுக அடைத்துக்கொண்டது. தண்ணீர் நின்றது!

"தம்பி! உன் காலு!" என்று அலறினாள் சிவந்தி. "கீழே விரால் இருக்கே!"

மழையாண்டிக்குத் தெரியாதா? அவன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வாயைத் திறந்தால் காற்று போய்விடும். அதனால் அவன் கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தான்.

சிவந்தி அதற்கு மேல் யோசிக்கவில்லை. "தள்ளுங்க எல்லாத்தையும்!" என்றாள். குடைகள் போயின. பஞ்சு போயிற்று. நெல்லும் கேழ்வரகும் கடலையும் தொப்புத் தொப்பென்று ஏரியில் விழுந்தன. குடுக்கை நிமிர்ந்தது. ஓடப்பன் தன் வாழ்நாளில் நீந்தாத வேகத்தில் நீந்தினார்.

கறுப்பு முதுகு ஓட்டைக்கு நேர் கீழே வந்தது. சிவந்தி கட்டுச்சோற்று மூட்டையைக் கிழித்தாள். ஓர் உருண்டையை எடுத்துத் தூரமாக வீசினாள். விரால் திரும்பிச் சோற்றின் பின்னால் போனது. தின்றுவிட்டு மறுபடி வந்தது. இன்னோர் உருண்டை! மறுபடி வந்தது. இன்னொன்று!

"அம்மா, நமக்கு ராத்திரிக்கு?" என்றான் சுண்டு.

"நமக்கு ஒண்ணும் வேண்டாம் கண்ணு! மாமா காலு இருந்தா போதும்!"

கடைசி உருண்டையும் தீர்ந்தது. கரைக்கு இன்னும் பத்து முழம் தூரம். விரால் சீறிக்கொண்டு வந்தது. மழையாண்டியின் கண்கள் பிதுங்கின. வலியில் அவன் வாய் கோணியது. ஆனாலும் திறக்கவில்லை. மூச்சை விடவே இல்லை.

குடுக்கை மணலில் மோதி நின்றது.

குட்டிகள் நால்வரும் கரைக்குத் தாவினார்கள். ஆனால் மழையாண்டி அசையவில்லை. உப்பிய வயிறு ஓட்டையில் இறுகச் சிக்கிக்கொண்டிருந்தது. மூச்சை விட்டும் பார்த்தான். விளிம்பு இடுப்பைக் கவ்விக்கொண்டு விடவில்லை.

ஓடப்பன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு எலிகளைப் பார்த்தார். "என்ன முழிக்கிறீங்க? கடிங்க! இப்ப நல்லாக் கடிங்க!" என்றார்.

"உங்க படகு..." என்று இழுத்தான் கோரையன்.

"படகு கிடக்குது! ஆளை எடுங்க!"

ஆறு எலிகளும் ஓட்டையைச் சுற்றி உட்கார்ந்து கடித்தார்கள். அவன் தோலில் ஒரு கீறலும் படாமல், மயிரிழை மயிரிழையாகக் கடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மழையாண்டி 'பொளக்' என்று வெளியே வந்தான். அவனுடைய இடது காலில் ஒரு விரலைக் காணோம்.

சிவந்தி ஓடிப்போய்ப் பச்சிலை பறித்து வந்தாள். மென்று மென்று காயத்தில் வைத்துக் கட்டினாள். அவள் கண்ணீர் கட்டின் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. கட்டி முடித்ததும் குட்டிகளை அவன் முன்னால் வரிசையாக நிறுத்தினாள்.

"தம்பி, உன்னை வெளியே தொங்கவிட்டவ நான். ஆனா இந்த நாலும் இப்ப நாலா நிக்குதுன்னா, அது உன்னாலதான். உனக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்வேன்?"

மழையாண்டிக்கு வெட்கமாகிவிட்டது. "விடுங்கக்கா. மூச்சைப் பிடிக்கிறது எங்களுக்குப் பிறவியிலேயே வர்றதுதானே!" என்றான். அப்புறம் காலைப் பார்த்துக்கொண்டான். "விரல்கூடப் பரவாயில்லை. அந்தப் புளிச்சோத்துல எனக்கு ஒரு உருண்டைகூடக் கிடைக்கலையே, அதுதான் வருத்தம்!"

சிவந்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

மிச்சமிருந்த ஐந்து நாளும் அவர்கள் வேறு எந்தத் திட்டுக்கும் போகவில்லை. மழையாண்டியின் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சுரைக்காய் முற்றிக் காய்ந்து கிடந்தது. ஆறு எலிகளும் அதைக் கடித்துக் குடைந்து, ஓடப்பனுக்குப் புதுப் படகு செய்து கொடுத்தார்கள். குட்டிகளுக்குப் பல் தினவும் தீர்ந்தது. முதலில் மழையாண்டியை நடுவில் உட்காரவைத்துப் பார்த்து, அவன் காலை நீட்டுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்துகொண்ட பிறகே சிவந்தி தன் பிள்ளைகளுக்கு இடம் போட்டாள்.

ஆகவே பிள்ளைகளே, பயணத்துக்கு மூட்டை கட்டும்போது உடன் வருகிறவருக்கு இடம் விட்டுக் கட்ட வேண்டும். ஆபத்தில் நம்மைக் காப்பாற்றப்போவது மூட்டை அல்ல, அவர்தான்.