தட்டான் உட்கார்ந்த இடம்

"செத்தவங்க எங்க போறாங்க டீச்சர்?"

கேட்டவர் சிவபுண்ணியம். ஹார்டுவேர் கடைக்காரர், அறுபது தாண்டியவர்.

டீச்சர் நிலோபருக்கு அதில் பாதி வயதுதான். ஊருக்கு வெளியே காடாக வளரவிட்ட ஒரு தோட்டமும் அதில் ஒரு குளமும் அவளுக்கு இருந்தன. கோடைக்காலம் முழுக்க, வருகிறவர்களுக்குப் பூச்சியும் பறவையும் பார்க்கச் சொல்லிக் கொடுப்பாள். மனிதர்களிடம் குழைந்து பேச மட்டும் அவளுக்கு வராது.

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. பூச்சி எங்க போகும்னா சொல்லுவேன்."

"என் வீட்டுக்காரி வடிவு ஆஸ்பத்திரியில கிடந்தா. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்கன்னு கேட்டா. கடையில சரக்கு இறங்குதுன்னு கிளம்பிட்டேன். திரும்பி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

நிலோபர் கையிலிருந்த நோட்டை மூடி வைத்தாள்.

"அவ இங்க எங்கயாவது இருக்காளா, ஒரேயடியாப் போயிட்டாளா? அது தெரியாம எனக்குத் தூக்கமே வர மாட்டேங்கு."

அவள் குளத்தோரம் கிடந்த சிமெண்டு பெஞ்சைக் காட்டினாள்.

"உக்காந்து பாருங்க. பார்த்ததை மட்டும் சொல்லுங்க. நினைச்சதைச் சொல்ல வேண்டாம்."

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். ஆயுசு முழுக்க கல்லாவுக்கும் குடோனுக்கும் நடந்த கால்கள். உட்காரவே கஷ்டப்பட்டார்.

"மீன்கொத்தி ஒரு கெண்டையைத் தூக்கிட்டுப் போச்சு" என்றார் முதல் நாள்.

"நல்லது."

சில நாள் கழித்து, "தட்டான் என் முட்டியிலயே வந்து உக்காருது டீச்சர். கல்லுன்னு நினைச்சிருக்கும் போல."

"நினைச்சதைச் சொல்லாதீங்கன்னேன்."

அந்த வாரக் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"பெஞ்சுல எனக்கு இடது பக்கம் ஒண்ணுமே உக்கார மாட்டேங்கு. வண்ணத்துப்பூச்சி நேரா வருது. அந்த இடம் வந்ததும் சுத்திக்கிட்டுப் போகுது."

நிலோபர் பெஞ்சின் இடது பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"நாளைக்கும் பாருங்க" என்றாள்.

அக்னி நட்சத்திர வெயில். உச்சிப் பொழுதில் குளத்துப் பக்கம் போகாதே என்று அந்த ஊரில் சொல்வார்கள். சிவபுண்ணியம் போயிருந்தார்.

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. புல்லுக்குள் கேட்ட ரீங்காரமும் நின்றது. தண்ணீர்மேல் ஓடிய பூச்சிகள் ஓடாமல் நின்றன.

சிவப்புத் தட்டான் ஒன்று வந்து அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தது.

பெஞ்சில் இல்லை. அதற்கு மேலே, தோள் உயரத்தில், வெறும் காற்றில்.

"டீச்சர்" என்று மெல்லக் கூப்பிட்டார்.

நிலோபர் சத்தமில்லாமல் வந்து அவருக்கு வலது பக்கம் நின்றாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

தட்டான் பறந்துபோய் ஒரு கொசுவைப் பிடித்தது. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து இறக்கையைத் தாழ்த்திக்கொண்டது.

"சிலந்தி நூலா இருக்கலாம்" என்றாள் நிலோபர். "ஒத்தை நூலுன்னா கண்ணுக்குத் தெரியாது. கையைக் கொண்டுபோனா அறுந்துடும்."

"நூல் இல்லேன்னா?"

"நான் பூச்சி பார்க்கிறவ அண்ணாச்சி."

அவருக்குப் பயமாக இருந்தது. நூல் இருந்தால் வடிவு இல்லை. நூல் இல்லாவிட்டால், அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"அறுக்கவா?" என்று நிலோபர் கேட்டாள்.

"நானே பாக்கேன்."

கையை நீட்டினார். தட்டான் பறக்கவில்லை. கை அதன் பக்கத்தில் போய் நின்றது.

நிறுத்தியது அவர் இல்லை.

"நூலா?" என்றாள் நிலோபர்.

அவர் கையை எடுக்கவில்லை. விரல்கள் மட்டும் எதையோ பற்றியதுபோல் மெல்ல மடங்கின.

"நீங்க போங்க டீச்சர்" என்றார், திரும்பிப் பார்க்காமல். "நாங்க இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கோம்."