தோளுக்குப் பக்கத்தில்

தூத்துக்குடியில் துப்பாக்கி விளையாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் நஸ்ரின். கணினித் திரையில் ஓடிச் சுடும் விளையாட்டு. கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாருமே அவளைவிட மூத்தவர்கள். முதலில் கிண்டலுக்குத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார்கள். நாளடைவில் கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அவள் அவர்களை அண்ணே என்றே கூப்பிட்டாள்.

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் மதியம், அவளிடம் பயின்ற அணியின் தலைவன் இசக்கிராஜா வந்தான்.

"குருவே, ஒரே ஒரு கேள்வி."

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

"எங்க இறங்குது? நாளைக்கு எதிர்ல நிக்கப்போறது பெவின். அவன் பலவீனம் என்ன? அதை மட்டும் சொல்லுங்க."

பெவின் போன மாதம்வரை இசக்கியின் அணியில் இருந்தவன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. எதிரிகளைச் சுடுவது குறைவு, சாவது அதிகம் என்று எல்லார் முன்னாலும் அவனை வெளியே போகச் சொன்னது இசக்கிதான். பெவின் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். எதிரணி அவனைச் சேர்த்துக்கொண்டது.

பெவின் கடைசியாக இசக்கியின் அணியில் ஆடிய ஆட்டத்தின் பதிவை நஸ்ரின் திறந்தாள். அதை எந்த ஆட்டக்காரனின் கண் வழியாக வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் பெவினின் கண்ணைத் தேர்ந்தெடுத்தாள்.

"பெவின் அண்ணன் கிராஸ்ஹேரை மட்டும் பாருங்க."

திரையின் நடுவே ஒரு சின்னக் கூட்டல் குறி. அது நிற்கிற இடத்துக்குத்தான் குண்டு போகும். எதிரியைக் கண்ட பிறகு அதை நகர்த்துகிறவன் பிழைக்கமாட்டான். தலை எங்கே முளைக்கும் என்று யோசித்து, முன்னதாகவே அங்கே கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். நஸ்ரினின் முதல் பாடம் அது.

பெவினின் கிராஸ்ஹேர் தலை உயரத்தில் ஆடாமல் நின்றது. அதற்குச் சற்று வலப்பக்கம் ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது.

"சுத்தமா வெச்சிருக்கான், பாவி. ஆனா முன்னால போகாம எவன் பின்னாலயோ போறானே. யாரு அது?"

"நீங்கதாண்ணே."

இசக்கி தன் முதுகை அதுவரை பார்த்ததில்லை.

முதுகு திரும்பிய பக்கமெல்லாம் கிராஸ்ஹேரும் திரும்பியது. முதுகு ஒரு வாசலைத் தாண்டியபோது, தோளுக்கு இடப்பக்கம், சுவர் முடிகிற விளிம்பில் போய் நின்றது. அங்கே ஒரு தலை எட்டிப் பார்த்தது. பெவின் சுட்டான். முதுகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதிவில் இசக்கியின் குரல் கேட்டது. "ஏல, சும்மா என் வாலைப் பிடிச்சுக்கிட்டே வராதல. போய் நாலு பேரைச் சுடு."

பெவின் போகவில்லை. அடுத்த வாசலில் மறுபடியும் கிராஸ்ஹேரைத் தோளுக்குப் பக்கத்தில் வைத்தான். அவனுக்குப் பின்னாலிருந்து யாரோ அவனைச் சுட்டார்கள். திரை சாய்ந்து விழுந்தது.

"செத்துட்டியா? நீ எதுக்குத்தாம்ல இருக்க?" என்றது பதிவில் இருந்த குரல்.

"நிறுத்துங்க" என்றான் இசக்கி.

நிறுத்தினாள்.

"இடப்பக்கம் ஒருத்தன் வந்தது எனக்குத் தெரியவே இல்லையே."

"உங்க வியூ, அதான் திரையில தெரியுற அகலம், குறுகல் அண்ணே. கூட்டி வைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"கூட்டினா ஓரமெல்லாம் தெரியுது. ஆளு எறும்பு மாதிரி ஆயிருதானே. எப்படிச் சுட?"

"அதைத்தான் பெவின் அண்ணனும் சொல்லிச்சு. 'அவனுக்கு அப்படியே இருக்கட்டும், ஓரத்தை நான் பாத்துக்கிடுதேன்'னு."

இசக்கி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அவனைப் போகச் சொன்ன அன்னிக்கு நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன். சொல்லியிருக்கணும்" என்றாள் நஸ்ரின். "சொல்லல."

இசக்கி போனை எடுத்தான். பெவினின் பெயரைத் தேடிப் பிடித்தான். விரல் அதன்மேல் நின்றது. இன்றைக்குப் போய்ப் பேசினால், நாளைய போட்டிக்குப் பயந்து பேசுகிறான் என்றுதானே பெவின் நினைப்பான். போன மாதமே பேசியிருக்க வேண்டிய பேச்சு. போனைச் சட்டைப்பையில் போட்டான்.

திரையைப் பார்த்தபடியே கேட்டான். "நாளைக்கு நான் எதிர்ல வந்தா, கிராஸ்ஹேரை எங்க வெப்பான் குருவே?"

"கைக்குப் பழகின இடத்துலதாண்ணே. உங்களைக் கண்டதும் முதல்ல தோளுக்குப் பக்கத்துலதான் போகும். அங்கேருந்து உங்க மேல கொண்டுவர அரை நொடியாவது ஆகும். அதுக்குள்ள நீங்க சுட்டுரலாம்."

இசக்கி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"பலவீனம் கேட்டீங்கல்ல அண்ணே" என்றாள் நஸ்ரின். "அது ஒண்ணுதான் இருக்கு."