வேகாத்தீவின் கோல்கீப்பர்

இந்தக் கதையை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் காத்திருந்தவர் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னதுதானாம். பாதிக் கதையில் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். போய்விட்டுத் திரும்பி வந்து மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார். அப்படிப்பட்டவர் பொய் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

வேகாத்தீவு என்று ஒரு நாடு. அங்கே குளிர்காலம் என்பது தலையில் துண்டு போடாமல் தெருவில் நடக்க முடிகிற ஒரு வாரம். அந்த வாரத்தில் ஜனங்கள் "என்னா குளிரு, என்னா குளிரு" என்று சொல்லிக்கொண்டே மோர் குடிப்பார்கள்.

உலகத்தில் உள்ள நாடுகளையெல்லாம் ஐஸ் ஹாக்கிப் போட்டிக்கு அழைத்தவர்கள், கைதவறி வேகாத்தீவையும் அழைத்துவிட்டார்கள். விளையாட்டு மந்திரி யோசித்தார். ஐஸைப் பற்றி நம் நாட்டில் யாருக்குத் தெரியும்? துறைமுகத்தில் ஒரே ஒரு ஐஸ் பேக்டரி இருந்தது. அதில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து அவர்கள்தான் தேசிய அணி.

மெஷின் ஓட்டும் பிச்சைக்கண்ணு அண்ணன் கேப்டன். மரச்சுத்தியால் ஐஸ் உடைக்கும் இருதயம் முன்வரிசை ஆட்டக்காரர். மூட்டை தூக்கும் சகோதரர்கள் மூவர். ஒருவர் எது சொன்னாலும் மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். மிச்சம் இருந்தவன் தவசிமுத்து. வண்டியிலிருந்து எறியும் கோணிப்பைகளைப் பிடிப்பது அவன் வேலை. அவன் ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை. ஆனாலும் பிடிக்கிற வேலைக்காரன் என்பதால் அவனையே கோல்கீப்பர் ஆக்கினார்கள்.

தவசிமுத்துவுக்கு வேறொரு கவலை இருந்தது. அணிக்குப் பயிற்சியாளராக வந்த தங்கப்பழம் சார், உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் மகள் செண்பகவடிவுக்குத் தவசிமுத்துவைப் பிடிக்கும். தவசிமுத்துவுக்கும் அவளைப் பிடிக்கும். சாருக்குத்தான் பிடிக்கவில்லை.

"பொண்டாட்டி காபி டம்ளரை நீட்டினா, அதையும் கீழ போடுவான்" என்றார் சார். "அங்க போய் ஒண்ணே ஒண்ணைத் தடுத்துக் காட்டட்டும். அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம். இல்லைன்னா கப்பல் கம்பெனி மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

"ஒண்ணுதானேப்பா" என்றாள் செண்பகவடிவு. தவசிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, "டிவியில போடுவாங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க கண்ணை மட்டும் மூடிக்காதீங்க" என்றாள். அவனுக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

பயிற்சி பேக்டரி முற்றத்தில் நடந்தது. ஐஸ் பாளங்களை வரிசையாக அடுக்கி மேலே ஏறுவார்கள். காலையில் தொடங்கினால் ஐஸ் ஹாக்கி. சற்று நேரத்தில் அது முழங்கால் நனையும் வேறொரு விளையாட்டாகிவிடும். அதிலும் தவறாமல் ஆடினார்கள்.

புறப்படும் நாளில், தங்கப்பழம் சாருக்கு டிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் விமான நிலையத்து வாசலில் அணியை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினார்.

"ஐஸை நல்லாப் பாத்துக்குங்க. ஐஸ் உங்களைப் பாத்துக்கும். அப்புறம், ஆளுக்கு ஒரு எதிராளியைப் பிடிச்சுக்குங்க. அவன் எங்க போனாலும் நீங்களும் கூடவே போகணும். புரிஞ்சுதா?" பிறகு தவசிமுத்துவின் பக்கம் திரும்பினார். "நீ உன் வலையை விட்டு நகரவே கூடாது. யாரு கூப்பிட்டாலும் சரி, இடி விழுந்தாலும் சரி."

ஆறு பேரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

போட்டி உறைபனி நாட்டில். அரங்கத்துக்குள் நுழைந்ததும் பிச்சைக்கண்ணு அண்ணனுக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஒரு மைதானம் முழுக்க ஐஸ். மேலே ஒரு கோணிகூட இல்லை.

"அடப்பாவிகளா! இப்படியா திறந்து போட்டு வைப்பாங்க?"

"உருகிடுமேண்ணே" என்றார் மூத்த சகோதரர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

"சார் என்ன சொன்னாரு? ஐஸைப் பாத்துக்கச் சொன்னாருல்ல? எடுங்கடா மூட்டையை."

வேகாத்தீவில் மரத்தூள் இல்லாமல் யாரும் ஐஸை நம்பமாட்டார்கள். அதனால் மூட்டை மூட்டையாக மரத்தூள்தான் கொண்டுவந்திருந்தார்கள். கம்பளிச் சட்டைக்கு இடமில்லாமல் போனது அதனால்தான். மரத்தூளைக் கொட்டிப் பரப்பி, ஓட்டல் அறையின் போர்வைகளையும் போர்த்திவிட்டு, ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைத்த திருப்தியோடு ஓரமாக உட்கார்ந்தார்கள். அரங்கக் காவலாளி வந்து பார்த்தார். அவர் கத்தியதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

சுத்தம் செய்து முடித்ததும் அடுத்த சிக்கல். அடியில் கத்தி வைத்த காலணிகளைக் கொடுத்து, போட்டுக்கொண்டு இறங்கச் சொன்னார்கள்.

"செருப்புக் காலோட ஐஸ்ல ஏறுறதா?" என்றார் இருதயம். "நாளைக்கு இது யாரோ ஒருத்தர் சர்பத்துல போகும்டா."

"நம்ம பேக்டரியில இப்படிச் செஞ்சா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க."

நெடுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில், காலணியின் கத்தியைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் கழுவிவிட்டு ஏறுவது என்று முடிவானது. உறைபனி நாட்டு வீரர்கள் வரிசையாக நின்று அதைப் பார்த்தார்கள்.

மறுநாள் ஆட்டம். ஊதல் ஊதியதும் வேகாத்தீவு ஆட்டக்காரர் ஐந்து பேரும் ஆளுக்கொரு எதிராளியைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் அடிக்கடி வெளியே போய் உட்காருவார்கள், வேறு ஐந்து பேர் உள்ளே வருவார்கள். இதைச் சார் சொல்லவில்லை. உறைபனி நாட்டு ஐந்து பேர் வெளியே போனார்கள். நம் ஐந்து பேரும் கூடவே போய், அவர்களுடைய பெஞ்சிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஐஸின் மேல் இப்போது உறைபனி நாட்டின் புதிய ஐந்து பேரும், தவசிமுத்துவும் மட்டும்.

"அண்ணே! யாராவது வாங்கண்ணே!" என்று தவசிமுத்து கத்தினான்.

"எப்படிடா வர்றது? என் ஆளு இங்க தண்ணி குடிக்கிறான்" என்று பிச்சைக்கண்ணு அண்ணன் பெஞ்சிலிருந்து பதில் சொன்னார்.

ரப்பர் வட்டு வந்தது. தவசிமுத்து கண்ணை மூடினான். திறந்தபோது அது வலைக்குள் இருந்தது. மறுபடி வந்தது. செண்பகவடிவு சொன்னதை நினைத்து, கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டான். இந்த முறை அது வலைக்குள் போவதைத் தெளிவாகப் பார்த்தான். இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் போனது. வலது பக்கம் சாய்ந்தால் கால்களுக்கு நடுவே போனது. கோல்களை எண்ணிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்.

முதல் பகுதி முடிந்தது. தவசிமுத்துவின் மனத்தில் கப்பல் கம்பெனி மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக நின்றான். இன்னும் இரண்டு பகுதிதான்.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணிகளும் பக்கம் மாற வேண்டும் என்று நடுவர் சைகை காட்டினார். தவசிமுத்து அசையவில்லை. நடுவர் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். தவசிமுத்து வலைக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"யாரு கூப்பிட்டாலும் போகக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு."

இழுத்துப் பார்த்தார்கள். கம்பமும் சேர்ந்து வந்தது. நடுவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இப்படி ஒருவன் செய்வான் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. நேரமானதால் ஊதலை ஊதிவிட்டார்.

அந்த வலைக்கு இப்போது இரண்டு கோல்கீப்பர்கள். உறைபனி நாட்டுக் கோல்கீப்பர் அலமாரி போல இருந்தார். முதலில் முறைத்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். எதிர்ப்பக்க வலையில் ஆளே இல்லை. உறைபனி நாட்டுக்காரர்கள் அங்கே போய் வட்டைப் போட்டுவிட்டுத் திரும்புவதும், மறுபடி போவதுமாக இருந்தார்கள்.

தவசிமுத்துவுக்கு அழுகை வந்தது. வட்டு இந்தப் பக்கமே வரவில்லை. வந்தால்தானே தடுப்பது?

"ஒண்ணே ஒண்ணுதாங்க வேணும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான். அவருக்குப் புரியவில்லை. பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக் கொடுத்தார். தவசிமுத்து அதைக் கீழே போட்டான்.

இதற்கிடையே, இருதயம் பிடித்திருந்த ஆளுக்குப் பொறுமை போய்விட்டது. மட்டையால் இருதயத்தை ஒரு தள்ளு தள்ளினான். தண்டனையாக அவனை ஓரத்துக் கூண்டில் உட்கார வைத்தார்கள். இருதயமும் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தப்புப் பண்ணினது அவன். நீ ஏண்டா உள்ள போற?" என்று கேட்டார் பிச்சைக்கண்ணு அண்ணன்.

"எங்க போனாலும்னு சார் சொன்னாருண்ணே. ஜெயில் வேண்டாம்னு சொல்லலையே."

அண்ணன் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

தண்டனை முடிந்து கூண்டுக் கதவைத் திறந்தார்கள். அந்த ஆள் ஆத்திரத்தோடு பாய்ந்து வெளியே வந்து, அதே வேகத்தில் வழுக்கி விழுந்தான். எங்கிருந்தோ உருண்டு வந்த வட்டு இருதயத்தின் காலடியில் நின்றது. விழுந்த ஆளோடு தானும் விழ வேண்டுமா என்று இருதயம் ஒரு கணம் குழம்பினார். பிறகு வட்டைப் பார்த்தார். ஐஸின் மேல் கறுப்பாக ஏதாவது இருந்தால் அதை உடைத்து எடுப்பதுதான் அவர் தொழில். மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, பாளம் பிளக்கிற அடியாக ஓங்கி ஓர் அடி அடித்தார்.

வட்டு பறந்தது. உறைபனி நாட்டுக் கோல்கீப்பர் அப்போது குனிந்து சாக்லேட்டைத் தேடிக்கொண்டிருந்தார். வலை வாயைத் திறந்துகொண்டிருந்தது. வேகாத்தீவின் சரித்திரத்தில் முதல் கோல் அதோ போகிறது. அதற்கும் வலைக்கும் நடுவில் இருந்தவன் ஒருவன்தான்.

தவசிமுத்து கண்ணை மூடவில்லை. எம்பினான். வட்டு அவன் கையுறைக்குள் வந்து 'தப்'பென்று உட்கார்ந்தது.

உறைபனி நாட்டு ஜனங்கள் மொத்தமாக எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் தவசிமுத்துவை அப்படியே தூக்கிக்கொண்டார். இருதயம் கண்ணீர் வழிய ஓடிவந்தார்.

"பிடிச்சுட்டியேடா தம்பி! நான் அடிச்ச அடியை நீ பிடிச்சுட்டியேடா!"

பிச்சைக்கண்ணு அண்ணன் அணியைக் கூட்டி நடுவிலேயே ஆலோசனை நடத்தினார்.

"இது நமக்கு நல்லதா, கெட்டதா? அதைச் சொல்லுங்கடா முதல்ல."

"அடிச்சது யாருண்ணே? நம்ம ஆளு" என்றார் மூத்த சகோதரர். "தடுத்தது யாரு? அதுவும் நம்ம ஆளு. இதுல அவங்களுக்கு ஏதாவது பங்கு இருக்கா?"

இருவர் தலையாட்டினார்கள்.

"அப்ப முழுக்க நம்ம வெற்றிதான்" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். ஆறு பேரும் மைதானத்தைச் சுற்றி வந்து ஜனங்களைக் கும்பிட்டார்கள்.

மூன்றாவது பகுதியில் பக்கம் மறுபடி மாறி, அது வேகாத்தீவின் வலையானது; தவசிமுத்து சும்மா ஒதுங்கி நின்றான். வட்டு வந்தபோதெல்லாம் வழிவிட்டான். ஒன்றுதானே கேட்டார்கள்.

வேகாத்தீவில் அன்று தங்கப்பழம் சார் வீட்டில் பெரிய வாக்குவாதம்.

"அது நம்ம கோலும்மா! நம்ம கோலையே தடுத்திருக்கான்!"

"நீங்க ஒண்ணைத் தடுக்கணும்னுதானேப்பா சொன்னீங்க? யாரு அடிச்சதுன்னு சொன்னீங்களா?" என்றாள் செண்பகவடிவு. "அந்த நாட்டுக்காரங்க அடிச்சதெல்லாம் லேசான அடி. இருதயம் அண்ணன் அடி பேக்டரி அடி. அதையே பிடிச்சவரு, டம்ளரைப் பிடிக்கமாட்டாரா?"

சார் தான் சொன்னதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அவர் அப்படிச் சொல்லவில்லைதான்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அடுத்த வருடமும் போட்டிக்கு அழைப்பு வந்ததாம், அதற்கு வேகாத்தீவு ஆறு கோல்கீப்பர்களை அனுப்பியதாம். இதைச் சொல்லிவிட்டுத்தான் பக்கத்து நாற்காலிக்காரர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. ஓர் அணியில் ஆறு பேரும் எப்படிக் கோல்கீப்பர்களாக இருக்க முடியும்? பிறகு விஷயம் தெரிந்த ஒருவரிடம் விசாரித்து உறுதிசெய்துகொண்டேன். ஆறு பேர் என்பது தவறு. ஐந்து பேர்தான் கோல்கீப்பர்கள். பிச்சைக்கண்ணு அண்ணனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டிருந்தது.