புகை வரி

நஞ்சப்பன் மலையடிவாரக் குடிலுக்கு வந்தபோது உச்சி வெயில். கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருப்பவன். தொண்ணூறு குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. அவனுடைய குரு அமிர்தவல்லி அம்மா, வயதில் அவனைவிடப் பத்து வருஷம் இளையவர்.

"உக்காருங்க," என்றார் அம்மா.

அவன் உட்காரவில்லை. சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒரு டன் இரும்பு வார்க்க எவ்வளவு கரிப்புகை விடுகிறாய் என்று அவனிடம் இரும்பு வாங்கும் ஐரோப்பாக்காரர்கள் கேட்டிருந்தார்கள். சொல்லும் அளவுக்கு ஏற்றபடி அவர்கள் துறைமுகத்தில் வரி. ஒரு தாளில் உண்மையான அளவு, இன்னொன்றில் அதில் பாதி. உண்மையைச் சொன்னால் ஆர்டர் கைவிட்டுப் போகலாம். சாயங்காலத்துக்குள் ஒன்றை அனுப்பியாக வேண்டும். அடுத்த வாரம் ஜெனீவாவில், உலக வர்த்தக அமைப்பின் முன், இந்த வரியை எதிர்த்து நம் நாடு வாதாடப் போகிறது. அதற்காகப் போகும் குழுவில் அவனும் ஒருவன்.

"இருநூறு வருசமா புகைச்சுத் தள்ளுனது அவங்க. இப்பத்தான் அடுப்பு மூட்டுன எங்கிட்ட வரி கேக்கறாங்க. இது நாயமுங்களாம்மா?"

"டீ போடறேன்," என்றார் அம்மா.

அடுப்பில் ஈர விறகை அடுக்கிப் பற்றவைத்தார். நெருப்பு வரவில்லை, புகைதான் வந்தது. குடில் முழுக்க நிறைந்தது. அம்மா இருமினார், ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. நஞ்சப்பன் இருமிக்கொண்டே நியாயம் பேசினான். கடைசியில் அவனால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருஷம் உலையோடு கிடந்தவன், ஓர் அடுப்பு இப்படிப் புகைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈர விறகை உருவி எறிந்தான். காற்றுக்கு வழி விட்டுச் சுள்ளிகளை வைத்தான். பையில் கைக்கு அகப்பட்ட தாளைக் கசக்கித் திணித்துப் பற்றவைத்து ஊதினான். தீ சீராகப் பிடித்தது.

"புகைச்சது நான். உங்க கையை ஏன் கரியாக்கிக்கிட்டீங்க?"

"கண்ணு எரியுதுங்களே. நான் சரி பண்ணிட்டேங்கறதுக்காக உங்களை உட்ருவனுங்களா? ஈர வெறகை வெச்சது நீங்க. அதுக்கு நீங்கதானுங்க பதில் சொல்லோணும்."

குரல் கணீரென்று இருந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் அவனுக்குத் தாள் ஞாபகம் வந்தது. பையில் மிச்சமிருந்ததை எடுத்துப் பிரித்தான். பாதி அளவு எழுதிய தாள். எரிந்து போனது மற்றது. அவன் முகத்தில் வந்த நிம்மதியை அவனால் மறைக்க முடியவில்லை.

"நெசத் தாளு எரிஞ்சு போச்சுங்க. சாமியே முடிவு பண்ணிட்டாப்பல."

"அதுல எவ்வளவுன்னு இருந்துச்சு?"

"டன்னுக்கு ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது கிலோ."

யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மா டீயை நீட்டினார்.

"அப்ப அது எரியலை. அதை எழுதி அனுப்பிருங்க. இப்ப என்னைக் கேட்டீங்களே, அதே குரல்ல ஜெனீவாவுல அவங்களையும் போய்க் கேளுங்க."