எண் வருமுன் சுற்றும் சக்கரம்

அந்தக் காலத்தில் ஆடும் மாடும் மட்டுமா பேசின? கம்ப்யூட்டருக்குள் வேலை பார்த்தவையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தன. சர்வர் பெருமூச்சு விடும், பிளகின் புலம்பும், கேஷ் பெருமையடிக்கும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், கதையை மட்டும் கேட்டால் போதும்.

கருங்கால் அணைக்குக் கீழே ஓர் ஊரில், மாடி அறை ஒன்றில் இரண்டு பேர் ஆற்றங்கரைக்காரர்களுக்காக ஒரு வெப்சைட் நடத்தி வந்தார்கள். அதன் அஸ்திவாரமான ஃபிரேம்வொர்க்கைக் கல்லும் மண்ணுமாக அடியிலிருந்து எழுதியவர் சங்கரபாண்டி. அணையின் நீர்மட்டத்தை மலையில் இருந்த அளவுக்கருவியிடம் கேட்டுப் பக்கத்தில் போடுகிற பிளகினை எழுதியவள் முப்பிடாதி. அவள் புருஷன் செல்லையா ஆற்று நடுத்திட்டில் குடிசை போட்டு எண்ணூறு வாத்து மேய்த்தார். நீர்மட்டம் தொண்ணூறு அடி தொட்டால் ஷட்டரைத் திறந்துவிடுவார்கள். திறந்த அரை மணி நேரத்தில் திட்டு இருந்த இடம் தெரியாது. அணையில் சங்கு ஊதினாலும் எதிர்க்காற்றில் அங்கே கேட்காது. அதனால் செல்லையா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போனில் அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்துப் புதுசாக வரவழைத்துப் பார்த்துக்கொள்வார். பெண்டாட்டி எழுதியதாயிற்றே, அதன்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

பக்கத்தைத் திறக்க ஆட்கள் கூடக் கூட சர்வர் மூச்சுத் திணறியது. ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பக்கம் கட்டிக் கொடுத்து மாளுமா? அதற்காகத்தான் சங்கரபாண்டி வாசலில் கேஷைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒருதரம் கட்டிய பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே நீட்டுவது அதன் வேலை. கண் மூடித் திறப்பதற்குள் கொடுத்துவிடும். சைட்டை நடத்துகிற இந்த இரண்டு பேருக்கு மட்டும் நகல் கிடையாது, அப்போதைக்கப்போது கட்டிய பக்கம்தான். அங்கேதான் வினையே இருந்தது.

ஐப்பசி மாதத்து மதியம், மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முப்பிடாதியின் திரையில் எண்பத்தொன்பது என்று எண் ஏறியது. செல்லையாவுக்குப் போன் போட்டு உடனே கரையேறச் சொன்னாள்.

அவர் சாவகாசமாகச் சிரித்தார். "ஏளா, எண்பத்தி நாலுன்னுல்லா போட்டிருக்கு. நீ எழுதினதுதான?"

அவள் இல்லை என்றாள், எண்பத்தொன்பது என்றாள், கெஞ்சினாள். அவர் அதே எண்பத்து நாலைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். எதற்கெடுத்தாலும் பதறுகிறாள் என்று அலுத்துக்கொண்டார். போனில் சார்ஜ் குறைவு, பேசினால் தீர்ந்துவிடும், பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். அதற்குப்பின் எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை. பாழாய்ப்போன மனுஷன்.

பிளகினைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"காலையிலே பக்கத்தைத் திருத்தினப்ப வெளியாளுங்களுக்காக ஒரேயொரு தரம் கூப்பிட்டாங்க, எண்பத்தி நாலுன்னேன்," என்றது பிளகின். "அதோட சரி. வெளியாளுங்க எல்லாரையும் அந்த கேஷ் பய வாசல்லயே பிடிச்சு அனுப்பிடுறான். உங்க ரெண்டு பேரைத் தவிர என் பக்கம் யாரும் வாறதேயில்ல. நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

கேஷ் கொஞ்சமும் அசரவில்லை. வைத்துக்கொள் என்றீர்கள், வைத்திருக்கிறேன். எதுவரைக்கும் என்று யாராவது சொன்னீர்களா என்று அது திருப்பிக் கேட்டது. அவர்கள் சொல்லவில்லைதான்.

நகலைக் கிழித்தெறியப் போனவளின் கையைச் சங்கரபாண்டி தடுத்தார். மழையைப் பார்த்துப் பயந்து ஆறாயிரம் பேர் அந்த நேரம் பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள். நகல் போனால் அத்தனை பேரும் ஒரே மூச்சில் சர்வர் மேல் விழுவார்கள். போன மாதம் கூட்ட நேரத்தில் அப்படிச் செய்ததில் சர்வர் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தது. இப்போது கிடந்தால் திட்டில் இருப்பவருக்குப் பழைய எண்ணும் இல்லை, புது எண்ணும் இல்லை. சர்வரும் உள்ளேயிருந்து, முடியவே முடியாது என்று முனகியது.

திரையில் எண்பத்தொன்பதரை.

"அண்ணாச்சி, பக்கம் முழுசும் இருக்கட்டும். அந்த எண்ணு இருக்க இடத்தை மட்டும் வெட்டிருதேன்," என்றாள் முப்பிடாதி. "அந்த ஓட்டையில பிளகின் வந்து உக்காரட்டும்."

சங்கரபாண்டி வாயைப் பிளந்தார். ஆறாயிரம் பேருக்கும் உன்னால் ஆகுமா என்று பிளகினைக் கேட்டார். முழுப் பக்கமா கட்டப் போகிறேன், ஒரு எண்ணைத்தானே சொல்லணும், சொல்லுவேன் என்றது பிளகின். ஆனால் மலைக்குப் போய்க் கேட்டு வர இரண்டு மூன்று நொடி ஆகும் என்றது.

கேஷ்தான் அலறியது. தன் நகல் ஒவ்வொன்றும் அப்பழுக்கில்லாதது, ஓட்டைப் பக்கத்தை வெளியே நீட்டினால் தன் மானம் என்ன ஆவது என்று புலம்பித் தள்ளியது.

"உன் மானம் போனாப் போகட்டும்," என்றாள் அவள். "எனக்கு என் ஆளு போகக்கூடாது."

அவள் எழுத எழுத விரல்கள் பிசகின. இரண்டு தரம் அழித்து எழுதினாள். சங்கரபாண்டி தோளுக்குப் பின்னால் நின்று, பிளகின் வரும்வரை ஓட்டையில் பழைய எண்ணையே போட்டு வை, வெறுமையாக இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்றார். அவள் தலையைத் திருப்பவில்லை. பழசைப் போட்டால் அதையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று மட்டும் சொன்னாள். அந்த இடத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, கேஷின் கையிலிருந்த நகலைப் பிடுங்கிப் புதியதைத் திணித்தாள். அதே நேரம் திரையில் தொண்ணூறு விழுந்தது. மேலே அணையில் ஷட்டரைத் திறந்தார்கள்.

அவள் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் பறந்தாள். கரை சேர்ந்தபோது செம்மண் நிறத்தில் தண்ணீர் மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. திட்டையும் காணோம், குடிசையையும் காணோம். சேற்றிலேயே உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

கொஞ்ச தூரத்தில் நாணல் புதருக்குள்ளிருந்து வாத்துகள் வந்தன. அவற்றின் பின்னால், கழுத்துவரை நனைந்த செல்லையா வந்தார். எழுபது எண்பது வாத்து போய்விட்டது என்றார்.

அவள் அவரைப் போட்டு அடித்தாள், அழுதாள், மறுபடி அடித்தாள். அத்தனை கெஞ்சியும் அசையாதவர் எதைப் பார்த்துக் கிளம்பினீர் என்று கேட்டாள்.

பக்கத்தை இழுத்துப் பார்த்தாராம். எல்லாம் வந்துவிட்டது, எண் இருக்கிற இடத்தில் மட்டும் ஏதோ சுற்றிக்கொண்டே இருந்ததாம். எண் வரும்வரை காத்திருக்காமல் வாத்துகளைத் தண்ணீரில் விரட்டினாராம்.

"நீ எப்பவும் பயப்படுதவ," என்றார் செல்லையா. "அந்தப் பக்கம் ஒருநாளும் தெரியலன்னு சொன்னதில்லயே, முப்பிடாதி."

மானம் போன கேஷ் அதற்கப்புறம் யாரிடமும் பேசவில்லை. அதைப் பார்த்து மற்றவையும் வாயை மூடிக்கொண்டன. அன்று முதல்தான், பக்கம் முழுசாக வந்து நின்ற பிறகும் மாறக்கூடிய அந்த ஓர் எண்ணின் இடத்தில் மட்டும், இன்னும் தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது.