தேறியவரின் பலகை

வீரபாகுவுக்கு மூன்று மருமகன்கள். ஒரு சொல் சொன்னால் அதிலிருந்து மூன்று பேரும் இம்மி பிசகமாட்டார்கள். அந்தக் குடும்பத்தில் நடந்த சேதாரமெல்லாம் அதனால்தான்.

தன் அறுபதாம் கல்யாணத்தை வீரபாகு நெடுங்கழி என்ற உப்பங்கழியின் கரையில் ஒரு விடுதியில் வைத்துக்கொண்டார். அங்கே படகு தண்ணீரைக் கிழித்துப்போகையில் எழும் அலையில், பலகைமேல் நின்றபடி சறுக்கலாம். வேக்சர்ஃப் என்று பெயர். காலையில் தாலி கட்டி முடித்த உற்சாகத்தில் அவர் சொல்லிவிட்டார்:

"மாப்பிள்ளைமாரே, அலையில யாரு நிக்கீங்களோ, மத்தியானப் பந்தியில அவருக்குத்தான் முதல் இலை."

மூத்தவர் சங்கரலிங்கத்துக்கு மறுக்க வழியில்லை. கல்யாணமான நாள் தொட்டு முதல் இலை அவருடையது. போதாக்குறைக்கு, அலையில் நின்று பழக்கம் உண்டு என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். வெள்ளத்தில் தரைப்பாலம் தாண்டிய லாரியின் பின்பக்கம் ஒருமுறை நின்று வந்தவர் அவர். லாரிக்குப் பின்னால் அலை எழுந்தது உண்மை. அவர் நின்றதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

படகுக்காரர் ரெமிஜியுஸ் கொட்டகையைத் திறந்து பலகைகளைக் காட்டினார். "ஆளுக்கு ஏத்த பலகை எடுத்துக்கிடுங்க. ஒண்ணும் தெரியாதவங்களுக்குப் பெருசு. தேறத் தேறச் சிறுசாயிட்டே போவும். அவ்வளவுதான் சூட்சுமம்." சொல்லிவிட்டு டீசல் ஊற்றப் போனார்.

மூவரும் பலகைகளைச் சுற்றி நின்றார்கள்.

"தேர்ச்சி தெரிஞ்சாத்தான் பலகை எடுக்க முடியும்" என்றார் நடுவிலவர் திரவியம். "பலகையில ஏறினாத்தான் தேர்ச்சி தெரியும்."

ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள்.

"அவங்கவங்க வாயால சொல்லிருவோம்" என்றார் சங்கரலிங்கம். "குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவுமறைவு?"

போன தையில் கல்யாணமான கடைசி மருமகன் புலமாடன் நேர்மையானவன். "எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி."

இருப்பதிலேயே பெரிய பலகையைக் கொடுத்தார்கள்.

"நீச்சலும் தெரியாது."

அந்தப் பலகை போதாது என்று ஆயிற்று. கொட்டகைக் கதவைக் கழற்றினார்கள்.

"தண்ணியக் கண்டாலே பயம்."

"தம்பி, முதல்லயே எல்லாத்தையும் சொல்லிரணும்" என்று திரவியம் கடிந்துகொண்டார். கண்ணுக்கு எட்டிய வரையில் அதைவிடப் பெரிய பலகை ஒன்றுதான் இருந்தது. நீல டிரம்களின்மேல் பலகைகள் அடித்த படகுத்துறை மிதவை. கல்யாண வீட்டார் மொத்தமும் அதில் நிற்கலாம். அதை அவிழ்த்துப் படகுக்குப் பின்னால் கட்டி, புலமாடனை நடுவில் ஏற்றினார்கள்.

திரவியம் தனக்குப் பாதி தெரியும் என்றார். ஆகவே ஒரு காலைப் படகில் கட்டிய பலகையிலும் ஒரு காலைத் தண்ணீரிலும் வைப்பது என்று தீர்மானமாயிற்று.

"அண்ணாச்சிக்கு எது?"

இருப்பதிலேயே சின்னப் பலகையைப் புலமாடன் மிதவையிலிருந்து சுட்டிக்காட்டினான்.

சங்கரலிங்கம் சிரித்தார். "அது நான் கல்யாணத்துக்கு முந்தி எடுத்திருக்க வேண்டியதுப்பா. இப்போ அது பெருசு."

திரவியம் சமையல்கட்டுக்குப் போய் அப்பளம் இடும் பலகையைக் கொண்டுவந்தார். சங்கரலிங்கம் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் மாடியிலிருந்து அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் பெருசுதான்" என்றார்.

"அப்போ அண்ணாச்சிக்குப் பலகையே வேண்டாம்" என்றார் திரவியம் பயபக்தியுடன். சங்கரலிங்கம் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். அதில் பிசகு ஒன்றும் தென்படவில்லை.

கரையில் உறவினர்கள் கூடினார்கள். படகு உறுமியது. 'என்ன இன்னிக்கு இப்படிக் கனக்குது' என்று முணுமுணுத்த ரெமிஜியுஸ், திரும்பிப் பார்க்காமல் வேகத்தைக் கூட்டினார். மிதவையில் குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு புலமாடன் படகுக்குப் பின்னாலேயே போனான். திரவியத்தின் ஒரு கால் படகோடு போயிற்று, மற்றது போகவில்லை. நடுவில் இருந்த திரவியம் எந்தக் காலோடு போவது என்று யோசிக்கும் முன்பே கவிழ்ந்தார். சங்கரலிங்கம் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, வெறுங்காலோடு அலையில் குதித்து மறைந்தார்.

கரையில் யாரோ அலறினார்கள்.

அலை தணிந்தது. மார்பளவுத் தண்ணீரில், கழிச்சேற்றில் கால் ஊன்றி, சங்கரலிங்கம் நின்றுகொண்டிருந்தார். அடுத்த அலை தலைக்கு மேல் போயிற்று. அப்போதும் நின்றார்.

வீரபாகு மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஒருத்தரு படுத்திருக்காரு, ஒருத்தரு கவுந்திட்டாரு. நிக்கிறது மூத்தவருதான். முதல் இலை அவருக்கே."

ஈர வேட்டியோடு சங்கரலிங்கம் பந்தியின் முதல் இடத்தில் சம்மணம் போட்டார். கண் கலங்கியிருந்தது. பரிமாறுகிறவர் இலை விரிக்கக் குனிந்தார்.

"நில்லும்" என்றார் திரவியம். "அண்ணாச்சி எத்தனை வருஷமா இந்த வீட்டுப் பந்தியில உக்காருதாரு! அவருக்குப் போயி இவ்வளவு பெரிய இலையா?"

வீரபாகு யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. அந்த இலையை எடுத்து, பந்திக்குப் புதியவனான புலமாடனின் இலையோடு சேர்த்துப் போட்டார்கள்.

தன் சாப்பாட்டுத் தேர்ச்சியை நாலு பேர் நடுவில் இப்படி யாரும் ஒத்துக்கொண்டதில்லை. சங்கரலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெறுந்தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோறு அவரைத் தாண்டிப் போயிற்று. சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையாட்டினார்.

பாயசம் வந்தபோது இரண்டு கைகளையும் தரைக்குமேல் குறுக்கே நீட்டி, "போதும், போதும்" என்று மறித்தார்.

வீரபாகு விடவில்லை.

"கூச்சப்படுதாரு. மாப்பிள்ளைக்கு இன்னொரு தடவை கவனிங்கப்பா."