கால்களை எண்ணிய டிராகன்கள்

மலையடிக் குளத்தில் மேரா என்னும் புழு டிராகன் வாழ்ந்தாள். அவளுக்கு இறக்கையும் இல்லை, காலும் இல்லை. சேற்றுக்குள் மூன்று முட்டைகளைப் புதைத்துக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தாள்.

ஒருநாள் காலை ஒரு காகம் பதறிப் பறந்து வந்தது.

"மேரா! டிராகன் வேட்டைக்கு ஈட்டி வீரர்கள் கிளம்பிவிட்டார்கள். உச்சிவேளைக்குள் இங்கே இருப்பார்கள்!"

மேரா மலைமேல் ஊர்ந்தாள். வயிறு கல்லில் கிழிந்தது. உச்சிப் பாறையில் நெருப்பு டிராகன் வீற்றிருந்தான். அவனுக்கு நான்கு கால், இரண்டு இறக்கை. ஒரு படி கீழே வைவர்ன் என்னும் வகை டிராகன் நின்றான். அவனுக்கும் இறக்கை உண்டு, வாலில் விஷமுள் உண்டு. ஆனால் இரண்டே கால்.

"அண்ணே! என் முட்டைகளைத் தூக்கிவந்து இங்கே வையுங்கள். நீங்கள் பறந்தால் நொடி வேலை!"

"டிராகன் சபையின் வழக்கம் தெரியாதா?" என்றான் நெருப்பு டிராகன். " முதலில் கால்களை எண்ணுவோம். நான்கு இருந்தால் பேசலாம். இரண்டு இருந்தால் கேட்கலாம். உனக்கு எத்தனை?"

"ஒன்றும் இல்லை, அண்ணே."

வைவர்ன் விழுந்து விழுந்து சிரித்தான். இத்தனைக்கும், இரண்டே கால் என்பதற்காகச் சற்றுமுன்தான் நெருப்பு டிராகன் அவனை 'அரை டிராகன்' என்று ஏசியிருந்தான்.

"மண்புழுவெல்லாம் சபையேறி வருகிறது! போய்ச் சேற்றில் கிட!" என்றான் வைவர்ன்.

"மலைக்கு வர ஒரே வழி என் குளத்தங்கரைதான். இத்தனை காலம் அதை மறித்துக் கிடந்தவள் யார்? உங்கள் நெருப்பு, இவர் விஷம், என் பலம் மூன்றும் சேர்ந்தால் ஓர் ஈட்டியும் மிஞ்சாது!"

"இருக்கலாம். அதைச் சொல்ல நான்கு கால் வேண்டும்!" என்றான் நெருப்பு டிராகன்.

மேரா திரும்பினாள். அதற்குள் வீரர்கள் கரையை வெட்டிக் குளத்தை வடித்திருந்தார்கள். முட்டைகள் குதிரைகளின் காலடியில் நசுங்கிக் கிடந்தன. அவள் அலறிக்கொண்டு பாய்ந்தாள். ஓர் ஈட்டி கண்ணில் இறங்கியது. செத்தாள் என்று விட்டுவிட்டு, காவலற்ற வழியில் அவர்கள் மேலே ஏறினார்கள்.

அங்கே சபை கலைந்திருந்தது. கால் கணக்கில் மறுபடி சண்டை மூண்டு, ஒருவன் முகத்தில் ஒருவன் விழிக்காமல் இருவரும் தனித்தனிக் குகையில் படுத்திருந்தார்கள்.

மாலையில் வண்டியொன்று இறங்கி வந்தது. இரண்டு தலைகள் ஒரே கயிற்றில் தொங்கின.

"இதில் எது உசத்தி?" என்று கேட்டான் வண்டிக்காரன்.

"போடா! இரண்டும் டிராகன்தானே!" என்றான் வீரன்.

மிஞ்சிய கண்ணால் மேரா பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்த ஓடுகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டாள்.

தன் இனத்தாரைத் தரம் பிரித்துத் தள்ளுகிறவன், பகைவன் வரும்போது தனியாகத்தான் சாவான்.